கிழக்கே பெரிய வீதி

ரொறன்ரோவின் மோர்னிங்சைட்டில் ஒரு பாடசாலையின் உடற்பயிற்சிக் கூடத்தில் இருநூறு மடக்குக் கதிரைகள் போட்டிருந்தோம். மாசி மாதத்து ஞாயிறு பிற்பகல். சப்பாத்துகளில் ஒட்டிவந்த பனி உருகி, வாசலிலிருந்து மேடைவரை சாம்பல் நிறத் தண்ணீராகப் பரவியிருந்தது. கூடம் முழுக்க ஈரக் கம்பளி மணம். மூலையில் யாரோ கொண்டுவந்து வைத்த கடலை வடையின் மணமும் அதோடு கலந்திருந்தது.

எங்கள் ஊர்ச் சங்கத்தின் விதிகளான யாப்பை நிறைவேற்றுவதற்கான பொதுக்கூட்டம் அது. நான் தற்காலிகச் செயலாளர். மேடையின் ஓரத்தில் கூட்ட அறிக்கைக் கொப்பியோடு இருந்தேன். வந்த எல்லோர் கையிலும் பன்னிரண்டு பக்கப் பிரதி ஒன்று இருந்தது. அதை எழுதியவர் சிவபாலன். தட்டெழுத்தில் அடித்தவள் நான்.

சிவபாலன் வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் இரண்டு கைகளாலும் பிரதியை நீட்டினார். எல்லோருக்கும் கொடுத்து முடித்த பிறகுதான் தனக்கென்று ஒன்றை எடுத்துக்கொண்டு கடைசி வரிசையில் அமர்ந்தார். கண்ணாடியைப் போட்டார். தான் எழுதியதை அச்சில் பார்க்கும் சந்தோசம் முகத்தில் தெரிந்தது. முதல் பக்கம் புரண்டது. இரண்டாம் பக்கம் புரண்டது. மூன்றாம் பக்கத்தில் அவருடைய விரல் ஒரு வரியில் நின்றது. பிறகு அசையவில்லை.

நான் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் எழுந்து கையை உயர்த்தினார். "தலைவர் அவர்களே, ஒரு ஒழுங்குப் பிரச்சினை" என்றார்.

அவர் என்ன கேட்கப்போகிறார் என்பது மேடையில் இருந்த இரண்டு பேருக்குத் தெரியும். ஒருவர் தலைவர் நடராசா அண்ணை. மற்றவள் நான்.

ஒரு வாசகியின் கேள்வி

இந்தத் தொடரில் டோர்செட் பார்க்கில் முதல் வாடகை வீடு எடுத்த கதையை எழுதிய கிழமை, ஒரு பெண் தொலைபேசியில் கூப்பிட்டார். "எல்லாம் எழுதுறியள் அக்கா. சங்கத்திலை அவ்வளவு காலம் இருந்தனீங்கள், அதைப்பற்றி ஒரு வரியும் இல்லையே" என்றார். நல்ல மனதோடுதான் கேட்டார். மறந்துவிட்டேன் என்றேன்.

மறக்கவில்லை. என்னைப்பற்றி நல்லதாக ஒன்றும் அதில் இல்லை, அதனால்தான் எழுதவில்லை. ஊரின் பெயரை இப்போதும் எழுதப்போவதில்லை. எழுதினால் அந்த ஊரவர்கள் மட்டும் கோபிப்பார்கள், மற்ற ஊரவர்கள் தங்களிடம் இது நடக்கவில்லை என்று நிம்மதியாக இருப்பார்கள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர் முழுவதும் ஒரே நாளில் கிளம்பி நடந்து, ஆளுக்கொரு திசையாகச் சிதறிப் போயிருந்தது. அம்மாவும் தம்பி குடும்பமும் வன்னியில் ஒரு பாடசாலைக் கட்டடத்தில் இருப்பதாக ஏழாவது கிழமைதான் தகவல் கிடைத்தது. ஸ்காபரோவில் இருந்த ஊர்க்காரர் எல்லோரும் ஒரே பதற்றத்தில் இருந்தோம். ஏதாவது அனுப்ப வேண்டும், யாருக்கு அனுப்புவது, யார் மூலம் அனுப்புவது. அப்படித்தான் சங்கம் தொடங்கியது. சங்கமாகப் பதிய வேண்டுமென்றால் யாப்பு வேண்டும் என்றார்கள்.

உபவிதிப் புத்தகம்

யாப்பு எழுதத் தெரிந்தவர் எங்களுக்குள் ஒருவர்தான். சிவபாலன் ஊரில் கூட்டுறவுச் சங்கத்தில் பொது எழுதுவினைஞராக இருந்தவர். இங்கே அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலையில் வேலை. பெட்டி மடித்து மடித்து விரல் நுனிகள் வெடித்திருக்கும், பிளாஸ்டர் சுற்றியிருப்பார்.

ஊரில் அவரைப்பற்றி ஒரு கதை உண்டு. தட்டுப்பாட்டுக் காலத்தில் கூட்டுறவுக் கடைக்கு மண்ணெண்ணெய் வந்தது. கடைத் தலைவர் தன் ஆட்களுக்கு முதலில் கொடுக்கச் சொன்னார். சிவபாலன் உபவிதிப் புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்து, வரிசையில் நின்ற சனத்துக்குக் கேட்கும்படியாக ஒரு பந்தியை வாசித்தாராம். "பதிவு ஒழுங்கின்படி" என்று அதில் இருந்தது. பதிவு ஒழுங்கின்படிதான் மண்ணெண்ணெய் கொடுபட்டது. அடுத்த கிழமை அவரைத் தீவுப்பகுதிக்கு மாற்றினார்கள். போகும்போது சைக்கிளில் இரண்டு பை, ஒன்றில் உடுப்பு, மற்றதில் உபவிதிகள் என்று அப்பா சிரித்துச் சிரித்துச் சொல்வார்.

நான் யாழ்ப்பாணத்தில் அரசாங்க அலுவலகம் ஒன்றில் தமிழ்த் தட்டெழுத்தாளராக இருந்தவள். ரொறன்ரோவில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பு வேலை. என்னிடம் பழைய கணினி ஒன்றும், தமிழ் எழுத்துரு உள்ள ஒரு பிளாப்பியும் இருந்தன. அதனால் யாப்புக் குழுவின் வேலை என் சாப்பாட்டு மேசைக்கு வந்து சேர்ந்தது.

நான்கு மாதம், ஞாயிற்றுக்கிழமைகளில், இரண்டு பஸ் மாறி சிவபாலன் வருவார். கொப்பித் தாளில் பென்சிலால் எழுதிக்கொண்டு வருவார். அவர் வாசிக்க நான் அடிப்பேன். அச்சியந்திரம் கர்ர் கர்ர் என்று ஒவ்வொரு வரியாக உமிழும். அவர் தாளைக் கிழித்தெடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வாசிப்பார். ஒரு காற்புள்ளிக்காக ஒரு பக்கம் முழுவதையும் திரும்ப அடித்த நாட்கள் உண்டு.

"வசந்தியக்கா, யாப்பு எண்டது சண்டை வாற நாளுக்கு எழுதுறது" என்பார். "எல்லாரும் சந்தோசமா இருக்கிற நாளிலை ஒருத்தரும் அதைத் திறந்து பாக்கமாட்டினம்."

அவர் என்னைவிட ஐந்து வயது மூத்தவர். என்னை அக்கா என்பார். நான் அவரைச் சிவபாலன் என்றே கூப்பிட்டேன். நடராசா அண்ணையும் மற்ற ஆண்களும் தங்களுக்குள் நீங்கள், வாங்கோ என்று பேசிக்கொள்வார்கள். அவரிடம் திரும்பும்போது மட்டும் ஒரு படி குறைந்த "நீர்" வந்துவிடும். அப்போது இதெல்லாம் எனக்குக் காதில் விழவில்லை.

நான்காம் பிரிவு

குழுவில் ஏழு பேர். எதற்கெல்லாம் சண்டை பிடித்தோம் என்று நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. சங்கமா, மன்றமா, ஒன்றியமா என்பதற்கு மூன்று கூட்டம். இலச்சினையில் பனைமரம் போடுவதா, கோயில் கோபுரம் போடுவதா என்பதற்கு இரண்டு கூட்டம். இரண்டையும் போட்டு, அது முட்கரண்டி மாதிரி வந்தது.

யார் உறுப்பினர் என்ற பேச்சு வந்தபோது, குழுவில் ஒருவர் சொன்னார்: "கலியாணம் கட்டிப்போன பொம்பிளையளைச் சேர்க்கத் தேவையில்லை. அவைக்குப் புருசன்ரை ஊர் இருக்குத்தானே."

என் கணவர் வேறு ஊர். அதாவது, செயலாளர் என்று கூப்பிட்டுத் தட்டெழுத்து வேலையெல்லாம் வாங்கும் சங்கத்தில் நான் உறுப்பினர் இல்லை. நான் வாய் திறக்கவில்லை. எனக்காக நானே கதைப்பது அழகில்லை என்று நினைத்தேன்.

சிவபாலன் கதைத்தார். "கலியாணம் கட்டினால் பிறந்த இடம் மாறுமோ?" என்று கேட்டார். "பிறப்புச் சான்றிதழிலை புருசன்ரை ஊரை மாத்தி எழுதிக் குடுப்பாங்களோ?" மூன்று கிழமை விடவில்லை. கடைசியில் நான்காம் பிரிவில் அந்த வரி ஏறியது: ஊரிற் பிறந்த பெண், எவ்வூரவரை மணந்திருப்பினும், தன் பிறப்பால் உறுப்பினராவார். அதை அடித்து முடித்தபோது எனக்குக் கண் கலங்கியது. அவர் அதைக் கவனிக்காதவர் போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மூன்றாம் பிரிவுக்கு நான்கு நிமிடம்கூட எடுக்கவில்லை. அது ஊரின் எல்லை. யாருக்கு உதவி அனுப்புவது, யாரை உறுப்பினராக்குவது எல்லாம் அந்த எல்லையை வைத்துத்தான். சிவபாலன் பழைய கிராமசபை வட்டாரப் பட்டியலைப் பார்த்து எழுதியிருந்தார். வடக்கே கோயில் மானியக் காணி, தெற்கே குளம், மேற்கே ரயில் பாதை, கிழக்கே வாய்க்கால். எல்லோரும் ஓம் என்றார்கள்.

ஒரு சொல்

பொதுக்கூட்டத்துக்கு மூன்று நாள் முன்பு, வியாழக்கிழமை, நான் வேலையால் வந்து சோறு வடித்துக்கொண்டிருந்தபோது நடராசா அண்ணை வந்தார். வீடு விற்கும் முகவர் அவர். எப்போதும் நீலக் கோட்டு, சட்டைப்பையில் இரண்டு பேனை. என் தம்பியின் கடிதம் எனக்கு வந்துசேர வழி செய்ததும் அவர்தான். அதையும் சொல்ல வேண்டும்.

மூன்றாம் பக்கத்தை எடுத்து மேசையில் வைத்தார். வாய்க்கால் என்ற சொல்லின்மேல் சிவப்புக் கோடு. அதற்கு மேலே அழகான கையெழுத்தில் "பெரிய வீதி".

எங்கள் ஊரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஊரின் கிழக்குப் பக்கமாகப் பெரிய வீதி போகிறது. வீதியைத் தாண்டினால் வயல். வயலுக்கு அந்தக் கரையில் வாய்க்கால். வீதிக்கும் வாய்க்காலுக்கும் இடையில் நாற்பது வீடுகள் இருக்கின்றன. அந்த இடத்துக்கு வயற்கரை என்று பெயர். அங்கே இருந்தவர்கள் எங்கள் தோட்டங்களில் கூலி வேலை செய்தவர்கள், எங்கள் செத்த வீடுகளுக்குப் பறை அடித்தவர்கள். எங்கள் கோயிலுக்குள் அவர்களை விடுவதில்லை. சிவபாலன் வயற்கரை.

"வயற்கரை எண்டது தனி இடந்தானே, வசந்தி" என்றார் நடராசா அண்ணை. குரல் மென்மையாக இருந்தது. "அவைக்குத் தனிக் கோயில் இருக்கு. தனிச் சனசமூக நிலையம் இருக்கு. அவையும் தங்களுக்கெண்டு ஒண்டைத் தொடங்கினால் நல்லந்தானே. எங்களோடை சேத்துப்போட்டு, நாளைக்கு ஒண்டுகூடல், கலியாணம், சபை சந்தி எண்டு வரேக்கை அவைக்கும் சங்கடம், எங்களுக்கும் சங்கடம்."

அந்த நான்கு மாதத்திலும், அன்றைக்கும், சாதி என்ற சொல் ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. எல்லை என்றுதான் சொன்னார்கள்.

"சிவபாலனுக்குத் தெரியுமோ?" என்று கேட்டேன்.

"நான் கதைக்கிறன். நீர் அடியும்."

அவர் போகும்போது கதவடியில் நின்று, "அம்மாவின்ரை பேர் உதவிப் பட்டியலிலை முதலாவதாக் கிடக்கு. யோசியாதையும்" என்றார். அதை மிரட்டல் என்று சொல்ல முடியாது. மிரட்டல் இல்லை என்றும் சொல்ல முடியாது.

என் கணவர் வேலையால் வந்ததும் சொன்னேன். சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே கேட்டார். "உமக்கேன் உந்தப் பொல்லாப்பு? தந்ததை அடிச்சுக் குடும். உது உங்கடை ஊர்ப் பிரச்சினை" என்றார்.

ஒரு சொல்லை மாற்ற எவ்வளவு நேரம் வேண்டும். வாய்க்கால் என்பதை அழித்தேன். பெரிய வீதி என்று அடித்தேன். வரி நீண்டு, பக்கத்தின் கடைசி வரி அடுத்த பக்கத்துக்குப் போனது. அதை உள்ளே இழுத்துச் சரிசெய்தேன். வேலை சுத்தமாக இருக்க வேண்டும் என்ற கவனம் எனக்கு அப்போதும் இருந்தது.

சிவபாலனின் தொலைபேசி இலக்கம் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தது. வெள்ளி, சனி என்று இரண்டு முழு நாள் இருந்தது. பால் எடுக்கக் கதவைத் திறக்கும்போதெல்லாம் அந்த இலக்கம் என் முகத்துக்கு நேரே வந்து போனது. நான் எடுக்கவில்லை. நடராசா அண்ணை கதைத்திருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கதைத்திருக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும்.

கை உயர்த்தியவர்கள்

மறுபடி மண்டபத்துக்கு வருகிறேன்.

"மூண்டாம் பிரிவு, கிழக்கெல்லை" என்றார் சிவபாலன். "நான் எழுதிக் குடுத்தது வாய்க்கால். இஞ்சை பெரிய வீதி எண்டு கிடக்கு. எந்தக் கூட்டத்திலை இது மாறினது?"

"அது குழு பாத்துத் திருத்தினது. நீர் இரும்" என்றார் நடராசா அண்ணை.

"குழுவிலை நானும் ஒரு ஆள். எனக்குத் தெரியாமல் எந்தக் குழு?"

நடராசா அண்ணை மெல்ல என் பக்கம் திரும்பினார். "வசந்தி, நீர்தானே அடிச்சனீர். என்ன நடந்தது?"

எல்லா முகங்களும் என்னைப் பார்த்தன. என் கணவர் மூன்றாவது வரிசையில் இருந்து கண்ணைக் காட்டினார்.

"எனக்குத் தந்த பிரதியைப் பாத்து அடிச்சனான்" என்றேன்.

அது பொய் இல்லை. அப்படி ஒரு உண்மையை என் வாழ்க்கையில் அதற்குப் பிறகு நான் சொன்னதில்லை.

தந்தது யார் என்று சிவபாலன் கேட்பார் என நினைத்தேன். கேட்கவில்லை. என்னை ஒருமுறை பார்த்தார். நான்கு மாதமாக என் மேசையில் எனக்கு எதிரே இருந்த முகம்தான் அது. கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார்.

"அப்ப நான் திருத்தம் ஒண்டு முன்மொழியிறன். பெரிய வீதி எண்டதை எடுத்துப்போட்டு வாய்க்கால் எண்டு போட வேணும். ஆராவது வழிமொழியுங்கோ."

வயற்கரையிலிருந்து ஏழு குடும்பங்கள் வந்திருந்தன. சிவபாலன்தான் ஒவ்வொரு வீட்டுக்கும் தொலைபேசி எடுத்து வரச் சொன்னவர். பின்பக்கத்தில் ஒன்றாக இருந்தார்கள். அவர்களில் வயதான ஒருவர் எழுந்து, "நான் வழிமொழியிறன்" என்றார்.

"வழிமொழியிறவர் ஊரவராக இருக்க வேணும்" என்றார் நடராசா அண்ணை.

முன்வரிசையில் ஒருவர் சிரித்தார். சிவபாலனின் குரல் உயரவில்லை. "தலைவர் அவர்களே, யாப்பு இன்னும் நிறைவேறேல்லை. நிறைவேறுமட்டும் எல்லை இல்லை. எல்லை இல்லாட்டி இந்த மண்டபத்துக்கை இருக்கிற எல்லாரும் ஊரவர்தான்."

வாக்கெடுப்பு நடந்தது. எண்ணியவள் நான். திருத்தத்துக்கு ஆதரவாகப் பதினான்கு கைகள். பதினான்கும் பின்பக்கத்தில். இந்தப் பக்கத்திலிருந்து ஒரு கை எழும்பும் என்று காத்திருந்தேன். இவர்களில் ஆசிரியர்கள் இருந்தார்கள். ஊரில் சமத்துவம் பற்றி மேடைகளில் பேசியவர்கள் இருந்தார்கள். அவரவர் கையில் இருந்த பிரதியை அவரவர் வாசித்துக்கொண்டிருந்தார்கள். என் கையில் பேனை இருந்தது.

பிறகு யாப்பு முழுவதும் வாக்குக்கு வந்தது. எதிராக அதே பதினான்கு கைகள். யாப்பு நிறைவேறியது.

யாரோ கைதட்டத் தொடங்கினார்கள். சிவபாலன் கைதட்டல் ஓயும்வரை நின்றார். "இப்ப நாங்கள் உறுப்பினர் இல்லை. உறுப்பினர் இல்லாத ஆக்கள் கூட்டத்திலை இருக்க ஏலாது. பதினோராம் பிரிவு. அதுவும் நான் எழுதினதுதான்" என்று சொல்லிவிட்டுத் தன் ஆட்களைப் பார்த்தார்.

இந்த நாட்டில் மாசி மாதத்தில் ஒரு கூட்டத்தை விட்டு வெளியேறுவது உடனே முடிகிற காரியமில்லை. குளிர்ச்சட்டை எடுக்க வேண்டும், பனிச் சப்பாத்துக்குள் கால் நுழைக்க வேண்டும். குழந்தைகளின் சட்டைச் சிப்பை இழுத்து மூட வேண்டும். அது நடுவில் சிக்கும். ஒரு கையுறையைக் காணவில்லை என்று ஒரு சின்னப் பிள்ளை அழுதது. கதிரைகளுக்குக் கீழே தேடினார்கள். நூற்றெண்பது பேர் அதைப் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருவரும் குனிந்து தேடிக் கொடுக்கவில்லை. கையுறை கிடைக்காமலே போனார்கள். கதவு மூடியபோது வெளியே இருந்து குளிர் ஒரு முறை உள்ளே வந்து போனது.

கூட்டம் முடிந்து வடை சாப்பிடும்போது நடராசா அண்ணை என் கொப்பியைப் பார்த்தார். எதிர் பதினான்கு என்று எழுதியிருந்தேன்.

"உறுப்பினர் இல்லாத ஆக்களின்ரை வாக்கை ஏன் எழுதுவான்?" என்றார். "ஏகமனதாக எண்டு போடும்."

வெட்டினேன். ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது என்று எழுதினேன். கீழே கையெழுத்து வைத்தேன்.

தறப்பாள்

சித்திரை மாதமளவில் முதல் உதவி வன்னிக்குப் போய்ச் சேர்ந்தது. கூடாரம் போடத் தறப்பாள், பால்மா, நுளம்பு வலை. அம்மாவுக்குக் கிடைத்தது. தம்பி எழுதியிருந்தான்.

ஆடியில் ஒரு நாள் மதியம், அலுவலக வரவேற்பு மேசையில் சிவபாலன் நின்றார். தன் அக்கா குடும்பத்தை இங்கே கூப்பிட விண்ணப்பிக்கிறார். ஆதாரமாக அக்காவின் கடிதம் ஒன்றை ஆங்கிலத்தில் பெயர்த்துத் தர வேண்டும். தமிழ் மொழிபெயர்ப்பாளர் என்று எங்கள் அலுவலகத்தில் நான் ஒருத்திதான். அவருக்கு அது தெரிந்திருக்கும். தெரிந்தேதான் வந்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நீலத்தாள் கடிதம். மழை பட்டு மை கலங்கியிருந்தது. அவர் எதிர்க் கதிரையில் அமர்ந்திருக்க நான் வாசித்தேன்.

"தம்பி, ஊர்ச் சங்கத்தின்ரை சாமான் வந்தது. பட்டியலிலை எங்கடை பேர் இல்லை. நாங்கள் பெரிய வீதிக்கு அந்தப் பக்கமாம். இஞ்சை ஏது வீதி, ராசா? அவையும் நாங்களும் ஒரே மாமரத்துக்குக் கீழைதான் கிடக்கிறம். அவையின்ரை தறப்பாளிலை இருந்து வடியிற தண்ணி எங்கடை அடுப்பிலை விழுகுது."

நான் அதற்கு மேலே போக முடியாமல் நின்றேன். அம்மாவும் அந்த மரத்தடியில் இருந்திருக்கலாம். அம்மாவின் தறப்பாளாகவும் இருந்திருக்கலாம்.

"சிவபாலன்" என்று தொடங்கினேன்.

"அப்பிடியே மொழிபெயருங்கோ" என்றார். "ஒரு சொல்லும் மாத்தாதேங்கோ."

அடித்து, முத்திரை குத்தி, கையெழுத்திட்டுக் கொடுத்தேன். மூலத்துக்கு உண்மையான மொழிபெயர்ப்பு என்று அடியில் ஒரு வரி இருக்கும், வழக்கமான வரி. அதை அவர் நின்று வாசித்துவிட்டுப் போனார்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அக்கா குடும்பம் பிறகு படகேறி இந்தியாவுக்குப் போய் அகதி முகாமில் இருந்ததாகக் கேள்விப்பட்டேன்.

இதையெல்லாம் பார்த்த பிறகு நான் சங்கத்தை விட்டு விலகினேன் என்று எழுத ஆசைதான். விலகவில்லை. இன்னும் மூன்று வருடம் செயலாளராக இருந்தேன். கோடை ஒன்றுகூடல்களுக்கு அழைப்பு அடித்தேன். சங்கம் நன்றாக வளர்ந்தது. பின்னாளில், புதிய தலைமுறை ஒன்று நிர்வாகத்துக்கு வந்தபோது, எல்லைப் பிரிவையே சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்கள். ஏன் எடுத்தார்கள் என்று அறிக்கையில் இல்லை. ஏன் போட்டோம் என்றும் எந்த அறிக்கையிலும் இல்லை.

விட்பி

நான் பொறுப்பை ஒப்படைத்தது தொண்ணூறுகளின் கடைசியில். கோப்புகளை அடுக்கும்போது அந்தக் கொப்பி அகப்பட்டது. வெட்டிய இடம் தெளிவாகத் தெரிந்தது. எதிர் பதினான்கு என்பதை வெட்டின கோட்டுக்கூடாக வாசிக்கவும் முடிந்தது. அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்துக் கைப்பைக்குள் வைத்தேன். ஒரு மாதம் வைத்துக்கொண்டு திரிந்த பிறகு சிவபாலனுக்குத் தொலைபேசி எடுத்தேன். விட்பியில் வீடு வாங்கிப் போய்விட்டார் என்று தெரிந்தது. "வாங்கோ" என்றார். ஏன் என்று கேட்கவில்லை.

ஒரு சனிக்கிழமை மதியம் ரயிலில் போனேன். நிலையத்துக்குக் காரில் வந்து கூட்டிப்போனார். புதுக் குடியிருப்பு. மரங்கள் இன்னும் இடுப்பளவுதான். எல்லா வீடுகளும் ஒரே மாதிரி. தொழிற்சாலையில் இப்போது மேற்பார்வையாளர் என்றார். தலை நன்றாக நரைத்திருந்தது.

வாசலில் அவருடைய மனைவி புவனா நின்றார். உள்ளே கால் வைத்தபோதுதான் எனக்கு உறைத்தது. நான்கு மாதம் ஞாயிறு தவறாமல் என் வீட்டுக்கு வந்தவர். அவர் அப்போது எங்கே இருந்தார், எந்தக் கட்டடம், எத்தனையாம் மாடி, ஒன்றும் எனக்குத் தெரியாது. ஒரு நாளும் போனதில்லை. போக வேண்டும் என்று தோன்றியதுகூட இல்லை.

பிரதியை அவரிடம் கொடுத்தேன். "நான் இதை எழுதியிருக்கக் கூடாது, சிவபாலன் அண்ணை" என்றேன். அண்ணை என்ற சொல் என் வாயிலிருந்து வெளியே வரப் பட்டபாடு எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும்.

அவர் முழுவதையும் வாசித்தார். வெட்டிய இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏகமனதாக எண்டு போட்டது எனக்கு அப்பவே தெரியும்" என்றார். "அடுத்த கூட்டத்திலை வாசிச்சதெண்டு கேள்விப்பட்டனான். நீங்கள் முதலிலை பதினாலு எண்டு எழுதினது எனக்குத் தெரியாது."

"எழுதினனான். பிறகு வெட்டினனான்."

"ஓம். தெரியுது."

தாளை நான்காக மடித்து மேசையில் வைத்தார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. கோபமும் காட்டவில்லை. நான் கேட்க வந்தது எதுவோ அது அந்த வீட்டில் இல்லை என்று விளங்கியது. அக்காவைப்பற்றி விசாரித்தேன். முகாமில்தான் இருக்கிறா என்றார்.

புவனா தட்டோடு வந்தார். அதில் ஆவி பறக்கும் இரண்டு கோப்பைத் தேநீர். ஏலக்காய் மணத்தது. கூடவே உடைக்காத இஞ்சிச் சோடாத் தகரப் பேணி ஒன்று. கோப்பைகளைத் தனக்கும் கணவருக்கும் வைத்தார். பேணியை எனக்கு முன்னால் வைத்தார்.

"எனக்கும் ரீயே தாங்கோ" என்றேன்.

"பரவாயில்லை அக்கா, இதைக் குடியுங்கோ" என்றார். சிரித்த முகம், குத்திக் காட்டும் எண்ணம் அதில் துளியும் இல்லை. "எங்கடை கையாலை போட்ட ரீயை உங்கடை ஆக்கள் குடிக்கமாட்டினம் எண்டு அம்மா ஊரிலையும் சோடாதான் வாங்கி வைக்கிறவ. மூடி உடைக்காதது எண்டால் ஆருக்கும் சங்கடம் இல்லைத்தானே."

நான் சிவபாலனைப் பார்த்தேன். அவர் தன் கோப்பையை எடுத்து ஊதிக்கொண்டிருந்தார்.

பேணியைத் திறந்தேன். அவர்கள் இருவரும் தேநீர் குடித்து முடிக்கும்வரை அதைக் கையில் வைத்திருந்தேன்.